அமெரிக்க என்.இ.எஸ்-ல் இன்டர்நேஷனல் கிரிக்கெட் (1992) ஓட்டுவது எப்படி?

கேள்வி:
வணக்கம். ஆஸ்திரேலியாவில் மட்டும் வெளிவந்த பீம் சாஃப்ட்வேர் கம்பெனியோட இன்டர்நேஷனல் கிரிக்கெட் வீடியோ கேம் கேட்ரிட்ஜ் இருக்கு. அமெரிக்க என்.இ.எஸ்-ல (நின்டெண்டோவோட பழைய கேம் கன்சோல்) போட்டா சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியுது, படம் நிக்கல. எமுலேட்டர்ல (கன்சோல் மாதிரியே நடந்துக்கற கம்ப்யூட்டர் மென்பொருள்) ஓடுது, ஆனா பந்து ரொம்ப வேகமா வருது, ஷாட் டைமிங் பிடிபடவே இல்ல. ரெண்டுக்கும் வழி சொல்லுங்க.

பதில் 1:
முதல்ல ஒரு அமெரிக்க கேட்ரிட்ஜ் போட்டுப் பாருங்க. அதுவும் இப்படியே எரிஞ்சா கேட்ரிட்ஜ் சொருகற 72 பின் கனெக்டர்ல அழுக்கு. 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைச்சா போதும். அது ஓடினா, உங்க பிரச்சினை பூட்டு சிப், அதாவது வேற பகுதி கேட்ரிட்ஜை ஓடவிடாம தடுக்கிற சிப். அமெரிக்க கன்சோல்ல இருக்கிற சிப்போட எண் 3193, ஆஸ்திரேலிய கேட்ரிட்ஜ்ல 3197. ரெண்டும் பேசிக்க முடியாம, கன்சோல் நொடிக்கு ஒருதரம் ரீசெட் ஆகுது.

மதர்போர்டுல 3193-ன்னு எழுதின 16 கால் சிப்பைத் தேடுங்க. பள்ளம் மேலே இருக்கிற மாதிரி வெச்சா, இடப்பக்கம் மேலிருந்து நாலாவது கால். அதை வெட்டிடுங்க.

பதில் 2:
வெட்டுறதோட விடாதீங்க. போர்டுல அந்த இடத்துல 5 வோல்ட் இருக்கு, அதனால சிப் பக்கம் மிஞ்சின காலை மட்டும் லேசா மேலே தூக்கி, ஒரு சின்ன வயரால கிரவுண்டோட இணைங்க. அந்தரத்துல விட்டா சில நாள் ஓடும், சில நாள் மக்கர் பண்ணும்.

ஆனா பூட்டு திறந்தாலும் வேகம் குறையாது. இந்த ஆட்டம் நொடிக்கு 50 ஃபிரேம் (படம்) காட்டற 50 ஹெர்ட்ஸ் பால் (PAL, ஆஸ்திரேலியா, பிரிட்டன்ல இருந்த டிவி முறை) கன்சோலுக்கு எழுதினது, உங்களுது 60. கை விட்ட பந்து மட்டைக்கு வர 30 ஃபிரேம்னு வெச்சுக்கோங்க: அங்கே 0.6 நொடி, இங்கே 0.5. கிரிக்கெட்டுல அந்த 0.1 நொடிதான் எல்லாமே. பாட்டும் வேகமா, கொஞ்சம் கீச்சுன்னு கேக்கும். இன்னொண்ணு, ஃபிரேமுக்கு நடுவுல படத்தை மாத்த பால்ல திரையில 70 வரி வரையற அளவு நேரம் கிடைக்கும், அமெரிக்க மெஷின்ல 20 தான். பால் ஆட்டங்கள் அந்த நேரத்தை நம்பி எழுதியிருந்தா, திரையில கட்டம் கட்டமா குப்பை தெரியும்.

சரியான தீர்வு ஆஸ்திரேலிய அல்லது பிரிட்டிஷ் கன்சோல்தான். ஜெர்மனி, பிரான்ஸ் கன்சோல் வாங்கிடாதீங்க. அங்கே சிப் 3195, திரும்பவும் அதே சிவப்பு விளக்கு. டிவியும் பால் 50 ஹெர்ட்ஸ் எடுக்கணும். இல்லன்னா படம் உருளும், இல்ல கறுப்பு வெள்ளையா வரும்.

பதில் 3:
எமுலேட்டர் விஷயம் சுலபம். ரோம் (கேட்ரிட்ஜோட நகல் ஃபைல்) தொடக்கத்துல ஆட்டத்தோட விவரம் சொல்ற ஹெடர் இருக்கும். பழைய ஐநெஸ் வகை ஹெடர் உள்ள ரோம் பல, எந்தப் பகுதின்னு சொல்றதில்ல. எமுலேட்டர் தானா 60-ன்னு எடுத்துக்கும். எஃப்.சி.இ.யு.எக்ஸ் (FCEUX) எமுலேட்டர்ல கான்ஃபிக் மெனுவுல ரீஜன் போய் பால் தேர்ந்தெடுங்க. நிரந்தரமா வேணும்னா ஹெடரை நெஸ் 2.0-ங்கிற புது வகைக்கு மாத்தி, (0-லேர்ந்து எண்ணினா) 12-வது பைட்டுல 1 போடுங்க.

மானிட்டரை 50 ஹெர்ட்ஸுக்கு மாத்தறதையும் மறக்காதீங்க. 60-ல விட்டா ஒவ்வொரு அஞ்சாவது ஃபிரேமும் ரெண்டுதரம் காட்டப்படும். பந்து பிட்ச்ல குத்தி எழும்பற நேரம் பார்த்து ஒரு துள்ளல் வரும். டிவியா இருந்தா கேம் மோட் போடுங்க. மூணு ஃபிரேம் தாமதம் இருந்தாலே 60 மில்லிசெகண்ட் போச்சு, கட் ஷாட்டெல்லாம் லேட் ஆகிடும்.

கேட்டவர்:
பால் போட்டதும் வேகம் சரியாகிடுச்சு, நன்றி. நாலாவது காலை வெட்டாம அப்படியே விடறேன். பிரிட்டிஷ் கன்சோல் தேடறேன்.

பதில் 2:
நல்லது. அதோட பவர் அடாப்டரை அமெரிக்க மின்சாரத்துல சொருகாதீங்க, அது 240 வோல்ட்டுக்கானது. உங்க அமெரிக்க என்.இ.எஸ் அடாப்டரே 9 வோல்ட் ஏ.சி., அதையே போடலாம்.