டேப் நடனம், ஜாஸ்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தவில்ரசிகன்:
நியூயார்க் கிரீனிச் வில்லேஜில் படியிறங்கிப் போகும் ஒரு சின்ன ஜாஸ் கிளப். பியானோ, பேஸ், டிரம்ஸ். முன்னால் ஒரு மரப்பலகை, அதன்மேல் அடியில் உலோகத் தகடு வைத்த டேப் ஷூவோடு ஒருவர். டிரம்மர் நாலு பார் (பார் என்றால் பெரும்பாலும் நாலு தட்டு கொண்ட ஒரு தாளத் துண்டு), இவர் நாலு பார் என்று மாறி மாறிப் போகிறது. நம் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மோதிக்கொள்ளுமே, அந்தச் சூடு. திடீரென்று அவருடைய வலது கால் பலகையை விட்டு சிமெண்டுத் தரைக்குப் போய்விட்டது. கணீரென்று வர வேண்டிய இடத்தில் வறட்டு ‘டிக்’. முகத்தில் எதுவும் தெரியவில்லை. மிச்ச பார்கள் முழுக்க ஒரு கால் பலகையில், ஒரு கால் சிமெண்டில். டிரம்மர் உடனே டிரம்மின் விளிம்பில் குச்சியைத் தட்டிப் பதில் கொடுத்தார். அது சறுக்கலா, வேண்டுமென்றே செய்ததா? இன்றுவரை குடைகிறது.

ராத்திரிரயில்:
வேண்டுமென்றேதான், இதில் என்ன சந்தேகம்? தரை மாறினால் சத்தம் மாறும் என்பது டேப் ஆடுபவர்களுக்குப் பால பாடம். டேப் கலைஞர் ஹோவர்ட் சிம்ஸ் மணலைப் பரப்பி அதன்மேல் ஆடியே ‘சாண்ட்மேன்’ என்று பெயர் வாங்கினார். நான் பார்த்த கச்சேரியில் ஒருவர் பாட்டு முடிகிற நேரத்தில் ஒரே ஒரு குதிகால் தட்டு மட்டும் தட்டிவிட்டு நின்றுவிட்டார். பேஸ்காரர் சிரித்த சிரிப்பைப் பார்த்தால் ஒத்திகையில் இல்லாதது என்று தெரிந்தது.

சும்மாபார்வையாளன்:
சிரிப்பையும் ஒத்திகை பார்ப்பார்கள் சார். இம்ப்ரொவைசேஷன், அதாவது அந்த நேரத்துக் கற்பனை என்று விளம்பரம் போட்ட நிகழ்ச்சிக்கு அடுத்தடுத்த இரண்டு ராத்திரி போனேன். அதே சறுக்கு, அதே இடம், அதே கைதட்டல். காசு போனது.

கதக்அக்கா:
சறுக்கு திரும்ப வந்தால் பொய்யாகிவிடுமா? டேப் கலைஞர் ஜிம்மி ஸ்லைட் சறுக்குவதையே தன் கையெழுத்தாக்கிக்கொண்டவர். ராகத்தில் பிடி திரும்ப வருவதில்லையா? கதக் கலைஞர் சித்ரேஷ் தாஸும் டேப் கலைஞர் ஜேசன் சாமுவெல்ஸ் ஸ்மித்தும் சேர்ந்து ஆடியதைப் பார்த்தேன். ஒருவர் வெறுங்காலில் சலங்கையோடு, மற்றவர் உலோகத் தகடு வைத்த ஷூவோடு. தாஸ் வாயால் ‘போல்’ (நம் ஜதி மாதிரியான கதக் சொற்கட்டு) சொல்ல, ஸ்மித் காலால் திருப்பிச் சொன்னார். என் கதை அவ்வளவுதான். போகிறவர்களுக்கு: முன்வரிசைக்கு அடித்துக்கொள்ளாதீர்கள், மேடை உயரமாக இருந்தால் கால் தெரியாது. கொஞ்சம் பின்னால், பக்கவாட்டில் உட்காருங்கள். கால் நுனியின் சத்தம் சன்னம், குதிகால் கனம். முதலில் இந்த இரண்டையும் பிரித்துக் கேளுங்கள். பெரும்பாலும் பாட்டு முப்பத்திரண்டு பார் சுற்றில் போகும், அதை மனசுக்குள் எண்ணினால் எங்கே துணிந்து அந்தச் சுற்றை விட்டு வெளியே போகிறார்கள் என்று பிடிபடும். கைதட்டுவதானால் ஒவ்வொரு பாரிலும் இரண்டாவது, நாலாவது தட்டில் தட்டுங்கள். நம் ஆட்கள் முதல் தட்டில் தட்டி டிரம்மரை முறைக்க வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் போனில் படம் எடுக்காதீர்கள். அந்தச் சின்ன மைக்கில் பாதி சத்தம் விழாது, வீட்டில் போட்டுக் காட்டினால் தகரம் தட்டுகிற மாதிரி இருக்கும்.

தவில்ரசிகன்:
அக்கா, உட்காரும் இடம் நான் கேட்கவே இல்லையே! ஒரு நொடிகூட யோசிக்காமல் டிரம்மர் விளிம்புக்குப் போனாரே, அதுதான் எனக்கு இடிக்கிறது. இங்கே டிரம்ஸ் வாசிப்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.