ஸ்ட்ராபெர்ரியில் வைரஸ் சிக்கும் முன்பே பழத்தின் பெயரைச் சொல்லலாமா?

#1 பெர்லின்வாசி

வணக்கம். இரண்டு நாளாக எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஓடும் சண்டையை இங்கே கொண்டு வருகிறேன். ஆய்வகத்தில் வைரஸைக் கண்டுபிடிக்காமல் எந்த உணவின் பெயரையும் எந்த நாட்டின் பெயரையும் அரசு வெளியே சொல்லக் கூடாது என்று அங்கே ஒருவர் எழுதினார். பலரும் அதை ஆமோதித்தார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

2012 செப்டம்பர் கடைசியில் என் மூத்தவனுக்கு எட்டு வயது. மதியம் பள்ளியில் சாப்பிட்டான். இரண்டாம் நாள் ராத்திரி தொடங்கிய வாந்தி விடியும்வரை நிற்கவில்லை. மறுநாள் வகுப்பில் பாதிப் பேர் இல்லை. அது எங்கள் பள்ளியோடு முடியவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. கிழக்கு ஜெர்மனியின் ஐந்து மாநிலங்களில் 390 பள்ளிகளும் குழந்தைக் காப்பகங்களும், ஏறத்தாழ 11,000 பேர். ஜெர்மனியில் அதுவரை பதிவான உணவுவழி நோய்ப்பரவல்களில் அதுவே பெரியது. காரணம் வாந்தியும் பேதியும் உண்டாக்கும் நோரோவைரஸ். அது வந்த வழி, சீனாவிலிருந்து உறைய வைத்து வந்த ஸ்ட்ராபெர்ரி. அதிலும் ஒரே ஒரு லாட், அதாவது ஒரே தொகுதியாக வந்த சரக்கு.

ஒரே வாரத்தில் கண்டுபிடித்தார்கள். எந்தெந்தக் குழந்தை என்ன சாப்பிட்டது என்று கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். அதனால் அந்த லாட்டில் பாதிக்கு மேல் யார் தட்டுக்கும் போகாமல் நின்றது. பழத்தில் வைரஸ் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் அந்த மீதிப் பாதியும் குழந்தைகள் வயிற்றுக்குள் போயிருக்கும். என் கட்சி இதுதான். மற்றவர்கள் சொல்லுங்கள்.

#2 கப்பல்சரக்கு

அம்மா, உங்கள் பிள்ளை பட்ட பாட்டைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவன். தூத்துக்குடியிலிருந்து உறைய வைத்த கடல் உணவு அனுப்பும் தொழிலில் 19 வருஷம். ஒரு கன்டெய்னர் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

நீங்கள் 2012-ஐச் சொன்னீர்கள். நான் அதற்கு முந்தின வருஷத்தைச் சொல்கிறேன். அதே ஜெர்மனி. 2011 மே மாதம் ஈ.கோலை பரவியது. கிட்டத்தட்ட 4,000 பேருக்கு நோய், 50 பேருக்கு மேல் சாவு. அது பாக்டீரியா, வைரஸ் இல்லை. ஆனாலும் பாடம் ஒன்றுதான். காரணம் ஸ்பெயின் வெள்ளரிக்காய்தான் என்று ஹாம்பர்க் நகர அதிகாரிகள் அறிவித்துவிட்டார்கள். சில நாளில் அது இல்லை என்று அவர்களே சொன்னார்கள். அதற்குள் ஸ்பெயின் விவசாயி காயைக் குப்பையில் கொட்டிவிட்டார். கடைசியில் பார்த்தால் எகிப்திலிருந்து வந்த வெந்தய விதை, அதில் முளைவிட்ட பயிர்.

தப்பாகச் சொன்ன பெயரைத் திரும்ப அள்ள முடியாது. ஆதாரம் கையில் வந்த பிறகு பேசுங்கள் என்கிறேன். இது அநியாயமான கோரிக்கையா?

#3 நுண்ணோக்கி

அண்ணா, கோரிக்கை நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் வைரஸ் விஷயத்தில் அதற்கு நடைமுறைப் பொருள் "ஒருபோதும் பேசாதீர்கள்" என்பதுதான். நான் வைரஸ் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பாக்டீரியா என்றால் உணவில் துளி இருந்தாலும் ஊட்டக் கரைசலில் போட்டு ஒரு ராத்திரி வைத்தால் பெருகிவிடும். காலையில் கண்டுபிடிக்கலாம். நோரோவைரஸ் உணவில் பெருகாது, கரைசலிலும் பெருகாது. 1968-இல் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து நார்வாக் ஊர்ப் பள்ளியில் பரவிய நோயிலிருந்து வந்த பெயர் அது. மனித நோரோவைரஸைக் குடல் செல்களில் வளர்க்க ஒரு வழி கிடைத்தது 2016-இல்தான். அதுவும் அன்றாடச் சோதனைக்குச் சரிப்படாது.

ஆகவே பழத்தைக் கழுவி, கழுவிய நீரைச் சுருக்கி, அதில் இருக்கிற சொற்ப மரபணுவை, அதைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். மூலம் தேட வேண்டும். பெர்ரிப் பழத்தின் அமிலமும் சாயமும் அந்த வினையையே முடக்கும். ஒரு மூட்டையில் கறை ஒரே ஒரு மூலையில் இருக்கலாம். நான் எடுக்கும் 25 கிராம் வேறு மூலையிலிருந்து வரலாம். ஒரு மனிதரை நோயில் தள்ள நூறுக்கும் குறைவான துகள்களே போதும் என்கிறார்கள். "கிடைக்கவில்லை" என்று நான் கையெழுத்துப் போட்டால் "இல்லை" என்று அர்த்தமாகாது.

2012 சம்பவத்தில் பிறகு அதே லாட் பழத்தில் வைரஸ் கிடைத்தது. நோயாளிகளிடம் ஒரே வகை அல்ல, பல மரபுவகை நோரோ இருந்தது. தொற்று உள்ள ஒரு தொழிலாளியின் கையிலிருந்து வந்தால் பெரும்பாலும் ஒரு வகைதான் இருக்கும். பல வகை என்றால் கழிவுநீர் சேர்ந்த தண்ணீர் மேல்தான் சந்தேகம் போகும். ஆனால் இதெல்லாம் உறுதிப்படுத்தல். அறிவிப்பு இதற்கு முன்பே வந்துவிட்டது, வந்ததும் சரி.

#4 கப்பல்சரக்கு

தங்கச்சி, நீங்கள் சொன்னதிலிருந்தே கேட்கிறேன். பி.சி.ஆர். மரபணுவைத்தானே பார்க்கிறது? அந்த வைரஸ் உயிர்ப்போடு இருக்கிறதா, செத்த கூடா என்று அதற்குத் தெரியுமா? தெரியாது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் எல்லையில் "பாசிட்டிவ்" என்று ஒரு சரக்கை நிறுத்துவதும் அரைகுறை ஆதாரம்தான். ஆய்வகம் இல்லை என்றாலும் நம்ப முடியாது, உண்டு என்றாலும் நம்ப முடியாது. நஷ்டம் மட்டும் ஏற்றுமதி செய்பவன் தலையில்.

#5 தொற்றியல்மாணவன்

கப்பல்சரக்கு ஐயா, செத்ததா உயிருள்ளதா என்று தெரியாது என்பது உண்மை. எல்லைச் சோதனை பற்றிய உங்கள் குறையில் எனக்கும் பாதி உடன்பாடு உண்டு.

ஆனால் வெள்ளரிக்காய்க் கதையை நீங்கள் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். ஹாம்பர்க் எதை வைத்து அறிவித்தது? ஆய்வக முடிவை வைத்து! சந்தையில் எடுத்த ஸ்பெயின் வெள்ளரிக்காயில் ஈ.கோலை கிடைத்தது. அதைத்தான் ஆதாரம் என்று சொன்னார்கள். சில நாள் கழித்து வகை பார்த்தபோது அது நோயாளிகளிடம் இருந்த ஓ104 வகையே இல்லை. நீங்கள் கேட்கிற "கையில் வந்த ஆதாரம்" அன்றைக்குக் கையில் இருந்தது. அதுதான் தப்பாகப் போனது.

முளைப்பயிரைக் கண்டுபிடித்தது எப்படி என்று பாருங்கள். முதல் சுற்றில் நோயாளிகளைக் கேட்டபோது முளை சாப்பிட்டதாகச் சொன்னவர்கள் சிறு பங்கினர்தான். தட்டின் ஓரத்தில் அலங்காரமாகக் கிடக்கும் முளையை யார் நினைவு வைப்பார்? அப்புறம் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட குழுக்களை எடுத்தார்கள். யார் எந்த உணவை வாங்கினார் என்ற ரசீது, மேசையில் எடுத்த போட்டோக்கள், ஒவ்வொன்றிலும் என்ன சேர்ந்தது என்று சமையற்காரர் சொன்ன செய்முறை. ஞாபகத்தை நம்பாமல் அடுப்படியை நம்பினார்கள். அங்கேதான் முளை மாட்டியது.

2012-இலும் அதே மாதிரி. மூன்று மாநிலங்களின் பள்ளிகளில் நான்கு ஆய்வுகள். நான்கும் ஸ்ட்ராபெர்ரி சேர்ந்த உணவைக் காட்டின. வெவ்வேறு சமையற்கூடங்கள், வெவ்வேறு ஊர்கள், ஆனால் அந்த உணவு பரிமாறிய இரண்டாம் நாளில் நோய் உச்சம். நோரோவுக்கு 12 முதல் 48 மணி நேரம் என்ற கணக்கோடு அச்சாகப் பொருந்துகிறது. இதை நான் "சந்தேகம்" என்று சொல்ல மாட்டேன். ஆதாரம் என்றே சொல்வேன்.

#6 கப்பல்சரக்கு

ஹாம்பர்க் விவரம் எனக்குப் புதிது. தேடிப் பார்த்தேன், நீங்கள் சொன்னது சரி. அந்த உதாரணத்தை வாபஸ் வாங்குகிறேன்.

ஆனால் கேள்வியை வாபஸ் வாங்கவில்லை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் 2013-இல் பரவிய விவகாரத்துக்கு வாருங்கள். ஐரோப்பாவில் 12 நாடு, 1,400 பேருக்கு மேல் மஞ்சள்காமாலை, உறைய வைத்த கலவைப் பெர்ரி. மாதக்கணக்கில் துப்புத் துலக்கினார்கள். பல்கேரியா கறுப்புப் பெர்ரியும் போலந்து ரெட்கரண்ட் பெர்ரியும் அதிகம் தட்டுப்படுகின்றன என்று அறிக்கை வந்தது. ஏன் தட்டுப்படாது? அந்தச் சரக்கை அதிகம் விற்கிறவர்களே அவர்கள்தான். சந்தையில் பாதிச் சரக்கு ஒருத்தனுடையது என்றால், எந்த வழியைப் பின்தொடர்ந்தாலும் அவன் வாசலில்தான் போய் முடியும். ஒரே மூலம் என்று எதையும் கடைசிவரை நிறுவ முடியவில்லை. ஆனால் நாட்டின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

#7 நுண்ணோக்கி

நல்ல வாதம். சந்தைப் பங்கு காரணமாக இருக்கலாம் என்பதை அந்த ஐரோப்பிய அறிக்கையே ஒப்புக்கொள்கிறது.

ஆனால் நாடுகளுக்கிடையிலான கண்காணிப்பு இல்லாவிட்டால் அது ஒரே சம்பவம் என்றே தெரிந்திருக்காது. 2013 வசந்தத்தில் வட இத்தாலிக்குச் சுற்றுலா போய் வந்த ஜெர்மானியர் சிலருக்குக் காமாலை. ஜெர்மனி மற்ற நாடுகளுக்குத் தகவல் அனுப்பியது. இத்தாலி தன் கணக்கைப் பார்த்தால் அங்கேயும் வழக்கத்தைவிட அதிகம். அயர்லாந்தில் இத்தாலிப் பக்கமே போகாதவர்களிடம் இருந்த வைரஸிலும் அதே மரபணு வரிசை. அப்போதுதான் இது பயணத்தில் வந்ததல்ல, பொட்டலத்தில் வந்தது என்று புரிந்தது. ஹெபடைடிஸ் ஏ உடலில் 15 முதல் 50 நாள் ஒளிந்திருக்கும். ஒரு மாதத்துக்கு முன் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது. அந்த மறதியை ஈடுகட்டுவது வரிசைப் பொருத்தம்தான்.

1999-இல் நெதர்லாந்தை மையமாக வைத்துச் சில ஐரோப்பிய ஆய்வகங்கள் உணவுவழி வைரஸ் தகவல்களைப் பகிரத் தொடங்கின. பிற்பாடு அது நோரோநெட் ஆனது. அமெரிக்காவில் 2009-இல் கலிசிநெட். உலக அளவில் உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் 2004-இல் தொடங்கிய இன்ஃபோசான். இவை இல்லாமல் ஒவ்வொரு நாடும் தன் பத்து நோயாளியை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

#8 ஊர்க்கோடி

நீங்கள் எல்லோரும் தட்டின் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். நான் வயலின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

அந்த ஆய்வக வலைகள் எல்லாம் முதலில் பணக்கார நாடுகளில் கட்டப்பட்டவை. பழம் விளையும் பல நாடுகளிலிருந்து மரபணு வரிசை வருவதே அபூர்வம். ஆள் இல்லை என்பதால் மட்டும் இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் நோரோவைரஸின் பங்கைப் பல வருஷம் ஆராய்ந்திருக்கிறார்கள்; நம்மிடம் திறமை இருக்கிறது. விஷயம் வேறு. ஹெபடைடிஸ் ஏ பரவலாக இருக்கும் ஊரில் அது ஐந்தாறு வயதுக்குள் வந்து, பெரும்பாலும் அறிகுறியே இல்லாமல் போய்விடும். பெரியவர்களுக்கு எதிர்ப்பு சக்தி இருக்கும். எனவே நோய் கிளம்பும் இடத்தில் நோயாளியே இருக்க மாட்டார். எதிர்ப்பு சக்தி இல்லாத ஊருக்குப் பழம் போய்ச் சேரும்போது அங்கே 30 வயதுக்காரர் மஞ்சளாகப் படுப்பார். மருத்துவமனைக் கணக்கை மட்டும் பார்க்கும் கண்காணிப்புக்கு மூலம் எப்படித் தெரியும்?

1988-இல் ஷாங்காயில் சாக்கடை கலந்த கடலோரத்துச் சிப்பியை அரைவேக்காட்டில் தின்று மூன்று லட்சம் பேர்வரை ஹெபடைடிஸ் ஏ-யில் விழுந்தார்கள். அங்கே விளைச்சலும் தட்டும் ஒரே நாட்டில் இருந்ததால் மூலம் சீக்கிரம் தெரிந்தது. நடுவில் ஐந்து எல்லைகள் இருந்தால் தெரியாது.

பழம் பறிக்கும் பெண்ணுக்கு வயலில் கழிப்பறை உண்டா, சோப்பு உண்டா, வயிற்றுப்போக்கு வந்த நாளில் சம்பளத்தோடு லீவு உண்டா? உணவில் வைரஸைக் கட்டுப்படுத்த, சர்வதேச உணவுத் தர நெறிகளை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு 2012-இல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. அதில் கழிப்பறையும் உண்டு, கைகழுவலும் உண்டு, பாசன நீரும் உண்டு. விலையை அடித்துக் குறைக்கும் பையர் இதற்குப் பணம் தருகிறாரா? பெயர் சொல்வதா வேண்டாமா என்ற சண்டையில் இவளை யாரும் கேட்கவில்லை.

#9 பெர்லின்வாசி

ஊர்க்கோடி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். 2012-இல் எனக்கு அந்த நாட்டின் மீதே கோபம் இருந்தது. அந்தப் பழத்தைப் பறித்தவருக்கும் என் மகன் வயதில் பிள்ளை இருந்திருக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

இருந்தாலும் அம்மாவாகக் கேட்கிறேன்: வயல் திருந்தும்வரை நான் என்ன செய்வது?

#10 நுண்ணோக்கி

உறைய வைப்பதால் இந்த வைரஸ்கள் சாகாது, குளிரில் பத்திரமாக இருக்கும். கொதிக்க வைத்தால் சாகும். டென்மார்க் அரசு இறக்குமதி உறைபெர்ரியைச் சூடாக்கித்தான் சாப்பிடச் சொல்கிறது. 2013-இல் அயர்லாந்து ஒரு நிமிஷம், இத்தாலி இரண்டு நிமிஷம் கொதிக்க வைக்கச் சொன்னது. ஜாம், பாயசம், கேக் எதற்கும் பரவாயில்லை. பச்சையாக ஸ்மூத்தியில் போடுவதை மட்டும் விடுங்கள்.

#11 கப்பல்சரக்கு

இதுதான் எனக்குப் பிடித்த வகை அறிவிப்பு. "உறைபெர்ரியைக் கொதிக்க வையுங்கள்." இதில் யார் பெயரும் கெடவில்லை, குழந்தையும் தப்பிக்கிறது. லாட் எண் தெரிந்தால் லாட் எண்ணைச் சொல்லுங்கள், அன்றைக்கே சொல்லுங்கள், ஆட்சேபம் இல்லை. நாட்டின் பெயரை மட்டும் தலைப்புச் செய்தியாக்காதீர்கள்.

#12 தொற்றியல்மாணவன்

லாட் விஷயத்தில் முழுசாக ஒத்துப்போகிறேன். நாடு விஷயத்தில் முடியாது ஐயா. 2013-இல் அமெரிக்காவில் மாதுளை முத்துக்கள் வழியாக ஹெபடைடிஸ் ஏ பரவி 160 பேருக்கு மேல் நோய் வந்தது. கலவைப் பொட்டலத்தில் பல நாட்டுப் பழம் இருந்தது. துருக்கியிலிருந்து வந்த மாதுளை என்று சொன்னால்தான் மற்ற இறக்குமதியாளர்கள் தங்கள் கிடங்கைத் திறந்து பார்க்க முடியும். நாட்டை மறைத்தால் மொத்தப் பெர்ரி வியாபாரமும் அடிவாங்கும். தப்பு செய்யாதவர்களுக்கும் சேர்த்து.

#13 கப்பல்சரக்கு

அப்படியானால் தப்பாகச் சொன்னதற்கு விலை யார் தருவது? 2011-இல் நஷ்டப்பட்ட காய்கறி விவசாயிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 20 கோடி யூரோவுக்கு மேல் இழப்பீடு ஒதுக்கியது. அவர்கள் ஒன்றியத்துக்குள் இருந்தார்கள், கிடைத்தது. எங்கள் சரக்கைத் தப்பாகச் சொன்னால் எந்த ஜன்னலில் போய் மனு கொடுப்பேன்? இதற்கு ஓர் ஏற்பாடு வரட்டும். அன்றைக்கு நானே உங்களோடு சேர்ந்து "சீக்கிரம் சொல்லுங்கள்" என்பேன். அதுவரை என் நிலை இதுதான்.

#14 தொற்றியல்மாணவன்

அந்த ஜன்னல் இன்றைக்கு இல்லை. நீங்கள் கேட்பது நியாயம். ஆனாலும் அது வரும்வரை அறிவிப்பைத் தள்ளிப்போட என்னால் சம்மதிக்க முடியாது.

#15 பெர்லின்வாசி

என் இளையவள் இப்போது அதே பள்ளியில் படிக்கிறாள். வியாழக்கிழமை பெற்றோர் கூட்டம். உறைபழப் பொட்டலத்தின் லாட் எண்ணை எழுதி வைக்கிறீர்களா, பரிமாறிய தேதியோடு எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், பழத்தைக் கொதிக்க வைக்கிறீர்களா என்று மூன்றையும் சமையற்கூடத்தில் கேட்கப் போகிறேன். பதில் வந்ததும் இந்த இழையிலேயே எழுதுகிறேன்.