பையன் முதுகுல நீலத் திட்டு, ரத்தப் பரிசோதனை பத்திக் கொஞ்சம் சொல்லுங்க

பையனுக்கு ஒன்றரை வயசு, ஓயாம ஓடி விழுறான். முழங்கால்லயும் நெத்தியிலயும் கன்னிப்போறது சகஜம், அதுக்குப் பதறல. இப்போ முதுகுலயும் விலா ஓரமாவும் நீலத் திட்டு. அங்க அடிபட்ட ஞாபகமே இல்ல. கூடவே குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளிங்க; கண்ணாடி டம்ளரால அழுத்தினாலும் மறையல. காய்ச்சல் இல்ல, நல்லா விளையாடறான். ஆனாலும் இன்னைக்கே டாக்டர்கிட்ட கிளம்புறோம்.

சமீபத்துல வைரஸ் காய்ச்சல் வந்துபோச்சு. அப்புறம் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவுற அணுக்கள்) குறையும்கிறாங்களே, உங்க குழந்தைக்கு அப்படி ஆச்சா? பிளேட்லெட் எண்ணிக்கையோட ரத்தம் உறையுற நேரமும் பார்த்தாங்களா? ஊசி குத்தும்போது எப்படிப் பிடிச்சுக்கிட்டீங்க? யாராவது அடிச்சாங்களான்னும் கேட்பாங்களாம், கேட்கட்டும், அது அவங்க கடமை.

நிறத்தை வச்சு எத்தனை நாளான திட்டுன்னு கணிக்கிறது மட்டும் வேண்டாம், அதை நம்ப முடியாது.