குன்னூர்க் குளிரில் வீட்டு ஷெட்டிலேயே கிளியர் கோட்: குறைந்த செலவில் எதை வாங்கலாம்?

கேள்வி – குன்னூர்வாசி
வணக்கம். என்னுடைய பழைய மாருதி 800-இன் பானட்டிலும் கூரையிலும், நிறத்துக்கு மேல் பளபளப்புக்காக அடிக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் செதில் செதிலாக உரிந்துவிட்டதால், இரண்டையும் தேய்த்து, சில்வர் மெட்டாலிக் அடித்து, மேலே புதிதாகக் கிளியர் போட எண்ணியிருக்கிறேன். கம்ப்ரஷரும் ஸ்பிரே கன்னும் கைவசம் உள்ளன. கிளியருக்கு 3,000 ரூபாய்க்கு மேல் ஒதுக்க இயலாது. முன்பு ஸ்கூட்டர் மட்கார்டுக்கு டப்பா ஸ்பிரே அடித்த அன்று, மூன்று மணிக்கு மேல் மூடுபனி ஷெட்டுக்குள் புகுந்தது; காலையில் பார்த்தால் பாலாடை படிந்ததுபோல் வெளுத்திருந்தது. பிறகு பெட்ரோல் சிந்திய இடமும் பிசுபிசுத்துப் போயிற்று. குற்றம் மலிவுச் சரக்கிலா, நம் ஊர்க் காற்றிலா?

பதில் – மேட்டுப்பாளையம் பெயிண்டர்
இரண்டிலும்தான் ஐயா. நீங்கள் அடித்தது ஹார்டனர் (பூச்சை இறுக வைக்கும் திரவம்) சேராத வகை என்று தெரிகிறது. அதில் தின்னர் பறந்ததும் பூச்சு காய்ந்துவிடும், ஆனால் பெட்ரோல் பட்டால் மறுபடி இளகும். வெளுப்புக்குக் காரணம், தின்னர் ஆவியாகும்போது தகட்டின் சூட்டையும் சேர்த்து இழுத்துக்கொள்வதால், ஈரக்காற்றிலுள்ள நீர் அந்தக் குளிர்ந்த தகட்டில் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்வது.

ஆகவே ஹார்டனருடன் வரும், இரண்டையும் கலந்து அடிக்கும் டூ-கே கிளியரை வாங்குங்கள். விலை உயர்ந்த ஹெச்.எஸ். (திடப்பொருள் அதிகமுள்ளது) தேவையில்லை, நடுத்தர அளவுள்ள எம்.எஸ். போதும், கை பழகாதவருக்கு அதுதான் வழிந்தோடாமல் நிற்கும். இரண்டுக்கு ஒன்றா, நான்குக்கு ஒன்றா என்ற கலவை அளவு டப்பாவுக்கு டப்பா மாறும் என்பதால், அதில் அச்சிட்டிருப்பதையே அளவுக் குவளையில் பின்பற்றுங்கள். கடைக்காரர் வேறு கம்பெனி ஹார்டனரை, விலை குறைவு என்று எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். சிக்கனம் செய்யக்கூடாத இடம் அது ஒன்றுதான். சமவெளிக் கடைகளில் வழக்கமாக மெதுவாக உலரும் ஹார்டனரையே தருவார்கள். 20 டிகிரிக்குக் கீழே வேலை செய்யும் உங்களுக்கு வேகமானது வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். பானட்டும் கூரையும் சேர்ந்து ஏறக்குறைய 3 சதுர மீட்டர் வரும். கன்னிலிருந்து கிளம்புவதில் பாதிக்கு மேல் காற்றோடு போய்விடும் என்று கணக்கிட்டாலும், இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் கிளியர் செட் போதும்.

பதில் – கோத்தகிரிக்காரன்
சரக்கைவிட நாளைத் தேர்ந்தெடுப்பதே முக்கியம் என்பது என் அனுபவம். நம் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் காலை பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் முடித்துவிடுங்கள். தகட்டின் வெப்பம் பனிபடியும் நிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். அதற்காக ஷெட்டுக்குள் காயில் ஹீட்டரோ கரியடுப்போ வைத்துவிடாதீர்கள், தின்னர் ஆவி பற்றிக்கொள்ளும். வண்டியைக் காலை வெயிலில் நிறுத்திவைத்து உள்ளே தள்ளினாலே போதும். இன்னொன்று, குன்னூர் 1,850 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்று மேல்தான் என்பதால் சிறிய கம்ப்ரஷர் திணறும். ஒவ்வொரு பகுதிக்கும் இடையே டேங்க் நிரம்பும்வரை காத்திருந்து, அடியில் தேங்கும் தண்ணீரையும் திறந்துவிடுங்கள்.

பதில் – ஊட்டி ரோடு
ஒருவரும் சொல்லாததை நான் சொல்கிறேன். டூ-கே ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கிறது. அது ஒருமுறை ஆஸ்துமாவைக் கிளப்பிவிட்டால் பிறகு சிறிது பட்டாலும் மூச்சு முட்டும். துணி மாஸ்க்கும் என்-95-உம் ஆவியைத் தடுக்கா. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லையென்றால், வீட்டை ஒட்டிய ஷெட்டில் இதை அடிக்கவே வேண்டாம். அந்தக் கடைசிக் கிளியர் பூச்சை மட்டும் பூத் (பெயிண்ட் ஆவியை வெளியேற்றும் மூடிய அறை) உள்ள பட்டறையில் கொடுத்துவிடலாம்.

குன்னூர்வாசி
மூவருக்கும் நன்றி. பட்டியும் பிரைமரும் நானே முடித்து, சில்வரையும் கிளியரையும் ஒரே நாளில் பட்டறையில் அடிக்கச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. அதுவரை தார்ப்பாய் போட்டு மூடிவைக்கலாமா?

மேட்டுப்பாளையம் பெயிண்டர்
கூடாது. தார்ப்பாய்க்கு அடியில் ஈரம் வேர்த்து நிற்கும், சாதாரண பிரைமர் அதை உறிஞ்சிக்கொள்ளும், அடியில் துரு ஏறும். ஈரத்தை எளிதில் உள்ளே விடாத எப்பாக்சி பிரைமராக அடித்து, ஷெட்டிலேயே காற்றாட விடுங்கள்.