போரிலிருந்து வந்த டான் ஜுவான்: பார்த்தவர்களும் நடித்தவர்களும்

வியன்னாவில் வேலை பார்த்த காலத்தில், நூறு பேர்கூட உட்கார முடியாத ஒரு சிறிய அரங்கில் ‘போரிலிருந்து வந்த டான் ஜுவான்’ என்ற இந்த நாடகத்தைப் பார்த்தேன். ஜெர்மன் மொழி நாடக ஆசிரியர் ஓடன் ஃபான் ஹோர்வாத் 1930களின் நடுவில் எழுதியது. பெண்பித்தன் என்று பேர்வாங்கிய டான் ஜுவான், முதல் உலகப் போர் முடிந்து 1918இல் திரும்பி வருகிறான். நாடகத்தில் ஆண் அவன் ஒருவன்தான். பெண்கள் முப்பத்தைந்து பேர். நான் பார்த்தபோது அத்தனை பேரையும் ஒன்பது நடிகைகளே ஏற்றார்கள்.

சிருங்காரக் கதை என்று எண்ணித்தான் போனேன். வந்து நின்றவனோ, ராணுவ மேலங்கிக்குள் ஒடுங்கிப்போன நோயாளி. அப்போது உலகெங்கும் பரவிய ஸ்பானிய ஃபுளூ என்ற கொள்ளைக் காய்ச்சல் அவனைப் படுக்கையில் தள்ளுகிறது. முன்பு தான் கைவிட்டுப் போன, நிச்சயித்த பெண்ணிடம் போய்ச் சேர வேண்டும். வேறு எதுவும் அவனுக்கு வேண்டாம். அவளுக்குக் கடிதம் எழுதுகிறான். அது பாட்டியின் கைக்குப் போகிறது. அவன் போரில் இருந்தபோதே பேத்தி இறந்துவிட்டாள்.

பாட்டியாக நடித்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த உறையின் மடிப்புகளைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தார். ஒரு சொல் பேசவில்லை. நமக்குத் தெரிந்துவிட்டது, அவனுக்குத் தெரியாது. அதன் பிறகு அவன் சிரித்த ஒவ்வொரு முறையும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பணவீக்கக் காலம் வருகிறது. 1923 நவம்பரில் ஜெர்மனியில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். அந்தக் கூத்துக்கு நடுவே அவனும் பழைய வழிக்கே சரிகிறான். திருந்த நினைத்து வந்தவனை, அவனைப் பற்றிய பேச்சு திருந்த விடவில்லை என்றுதான் நான் புரிந்துகொண்டேன். இதனால் அவன் செய்த துரோகத்தை மன்னித்துவிட்டேன் என்று பொருள் இல்லை.

கடைசியில் அவளுடைய கல்லறைக்கு வந்து சேர்கிறான். பனி பெய்கிறது. இரண்டு நடிகைகள் மேலே நின்று சல்லடையில் காகிதத் துணுக்குகளைச் சலித்தார்கள். சல்லடை அசையும் ஓசை எங்கள் வரிசைவரை கேட்டது. தொப்பி, தோள், முழங்கால் என்று வெள்ளை ஏறியது. அவன் தட்டிவிடவே இல்லை.

•

அண்ணா, நீங்கள் பார்த்த இதே நாடகத்தில் நான் நடித்திருக்கிறேன்! லண்டனில் மாணவியாக இருந்தபோது, கிறிஸ்டோபர் ஹாம்ப்டனின் ஆங்கில மொழிபெயர்ப்பில். எனக்கு நான்கு பெண்கள். நான்கு குரல், நான்கு நடை என்று வீட்டில் இரவெல்லாம் பழகிக்கொண்டு போனேன். இயக்குநர் அம்மா எல்லாவற்றையும் கைவிடச் சொன்னார். உடையை மட்டும் மாற்று, முகத்தை மாற்றாதே என்றார். இறந்தவளின் சாயலைத்தான் அவன் எல்லாரிடமும் தேடுகிறான். ஒரே முகம் திரும்பத் திரும்ப வந்தால்தான் அவன் தவிப்பு பார்ப்பவர்களுக்குப் புரியும்.

மேடையின் ஓரத்திலேயே, விளக்கு வெளிச்சத்தில், செவிலியின் வெள்ளை முக்காட்டை அவிழ்த்துவிட்டு விதவையின் கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொள்வேன். முக்காட்டின் ஊசி ஒருநாள் கூந்தலில் சிக்கிக்கொண்டது. அவனாக நடித்தவர் வசனத்தை நிறுத்திவிட்டு நான் அதை எடுத்து முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாளிலிருந்து இயக்குநர் அந்த இடைவெளியைக் காட்சியிலேயே சேர்த்துவிட்டார். அந்தப் பார்வையில் காமம் துளியும் இல்லை. தொலைத்த ஒன்றை அடையாளம் காண முயலும் ஒருவரின் பார்வை அது. பாட்டி வேடம் எனக்குக் கிடைக்கவில்லையே என்ற ஏக்கம் இன்றும் இருக்கிறது.

•

உங்கள் இருவரையும் போல அல்ல, நான் இந்த நாடகத்தை வாசித்திருக்கிறேனே தவிர மேடையில் பார்த்ததில்லை. ஹோர்வாத்தும் பார்க்கவில்லை. 1938 ஜூன் 1 அன்று பாரிஸின் ஷான்ஸ் எலிசே சாலையில், புயலில் முறிந்த மரக்கிளை விழுந்து இறந்துபோனார். வயது 36. இது முதன்முதலில் மேடையேறியது 1952இல், வியன்னாவில். அதற்குள் இன்னொரு உலகப் போரும் முடிந்து, அந்த ஊருக்கும் ஆண்கள் திரும்பி வந்திருந்தார்கள். அன்று அரங்கில் உட்கார்ந்திருந்த பெண்களின் முகங்களைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.