பண்டோனியோன் இல்லாமல் பியாசோலா வாசிக்கலாமா?

செல்லோ_மாணவி:
அர்ஜென்டினாவின் டாங்கோ இசையமைப்பாளர் பியாசோலாவின் புவனோஸ் ஐரிஸ் பருவங்கள் நான்கையும் வயலின், செல்லோ, பியானோ மூவர் குழு வாசித்துக் கேட்டேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவருடைய குவின்டெட் (ஐவர் குழு) பதிவுகளில் இருக்கும் வெட்டும் கோபமும் அதில் இல்லை. அவர் வாசித்த துருத்தி வாத்தியமான பண்டோனியோன் இல்லாததுதான் காரணமா? நாங்களும் மூன்று பேர், இதே வாத்தியங்கள். அடுத்து இதைத்தான் எடுக்கப்போகிறோம். வாசித்தவர்கள் சொல்லுங்களேன்.

துருத்தி:
காரணம் அதேதான். பியானோவில் அடித்த சுரம் அந்த நொடியிலிருந்தே தேயும். பண்டோனியோனில் துருத்தியை இழுக்க இழுக்க அதே சுரம் பெருகும். முழங்கால்மேல் வைத்து பியாசோலா இழுப்பதைக் காணொளியில் பாருங்கள். அதற்கு மாற்று கிடையாது.

பாஸ்காரன்:
எனக்கு அப்படித் தோன்றவில்லை, துருத்தி. நான் ஒரு சேம்பர் குழுவில் டபுள் பாஸ் வாசிக்கிறேன், டாங்கோ நிறைய வாசித்திருக்கிறோம். மூவர் குழுவில் முதலில் காணாமல் போவது அடித்தளம். 1960-ல் பியாசோலா அமைத்த குவின்டெட்டில் பண்டோனியோன், வயலின், பியானோ, மின்கிதார், டபுள் பாஸ். மூவருக்கு மாற்றி எழுதியவர் ஹோசே பிராகாட்டோ. பியாசோலாவோடு வாசித்த செல்லோக்காரர் அவர். செல்லோவுக்கு நல்ல மெட்டுகளைக் கொடுத்திருக்கிறார். அப்போது பாஸின் வேலை பெரும்பாலும் பியானோவின் இடது கையில் வந்து விழுகிறது. அந்தக் கை மென்மையாக இருந்தால் எல்லாம் வரவேற்பறை இசை ஆகிவிடும்.

தாளத்தை முதலில் வாயால் சொல்லுங்கள்: தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு. பலரும் இதை அவசரத்தில் மூன்று சம பங்காக்கிவிடுகிறார்கள். கடைசி 'தக' குறுகலாக விழவேண்டும், அந்த நெருக்கடியில்தான் உயிர் இருக்கிறது. மெட்டு வாசிப்பவர் பின்தங்கலாம், முந்தலாம். அடித்தளம் அசையவே கூடாது.

அப்புறம் அர்ராஸ்த்ரே. அடி விழுவதற்குச் சற்று முன்பே கீழிருந்து சுரத்தை இழுத்துக்கொண்டு வந்து அடியில் கொட்டுவது. செல்லோவின் சி தந்தியில் செய்து பாருங்கள், பண்டோனியோன் இல்லாத குறை பாதி தீரும். வயலின்காரரிடம் சிச்சர்ரா கேளுங்கள்: குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் கட்டை) பின்னால், தந்தியில் நூல் சுற்றியிருக்கும் இடத்தில், வில்லின் அடிப்பகுதியை அழுத்தித் தேய்க்கவேண்டும். சுரமே இருக்காது, கரகரவென்று உராய்வுதான். 'அசிங்கமாக இருக்கிறதே' என்று எங்கள் வயலின்காரர் அதை ஒத்திகையில் மெதுவாகவே தேய்த்துக்கொண்டிருந்தார். பலமாகத் தேய்த்த அன்றுதான் மற்றவர்களுக்கும் கை இறுகியது.

கோடைமழை:
வயலின் கலைஞர் கிடோன் க்ரெமருக்காக இசையமைப்பாளர் லியோனிட் டெஸ்யாட்னிகோவ் எழுதிய இந்தப் பருவங்களின் வடிவத்தையும் கேளுங்கள். தனி வயலினும் தந்தி வாத்தியக் குழுவும் மட்டும். தென்கோளத்தில் பருவங்கள் தலைகீழ் என்பதால் பியாசோலாவின் கோடையில், விவால்டியின் 'நான்கு பருவங்கள்' படைப்பிலுள்ள குளிர்காலம் எட்டிப்பார்க்கும். அபாரமான வேலை.

பாஸ்காரன்:
அபாரம்தான். ஆனால் அது டெஸ்யாட்னிகோவின் படைப்பு என்றே நினைத்துக் கேட்பேன். அதை மாதிரியாக வைத்துப் பழகவேண்டாம். 1989-ல் க்ரோனோஸ் குவார்டெட்டோடு பியாசோலாவே பண்டோனியோன் வாசித்த பதிவு இருக்கிறது. நான்கு தந்தி வாத்தியங்கள் அவரோடு சேர்ந்து எப்படி மூச்சு விடுகின்றன என்று அதில் கேட்கலாம்.

செல்லோ_மாணவி:
நன்றி அண்ணா. நான்கையும் சேர்த்தே வாசிக்கவேண்டுமா? ஒரே நிகழ்ச்சிக்கு நான்கும் கனமாக இருக்குமோ என்று பயம்.

பாஸ்காரன்:
வேண்டியதில்லை. அவரே ஒரே மூச்சில் எழுதவில்லையே. கோடை 1965-ல் வந்தது, மற்ற மூன்றும் 1969, 1970-ல். குளிர்காலத்தில் தொடங்குங்கள். அதன் முடிவில் பரோக் (விவால்டி காலத்து இசை) சாயலில் ஒரு பகுதி வரும். எல்லோரும் அங்கே உருகிப்போய் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். நீங்கள் குறைக்காதீர்கள், வைப்ராட்டோவும் (சுரத்தை அதிரவைப்பது) குறைவாகவே போதும். அதற்கு முந்தைய பக்கங்களில் போதுமான கடுமை இருந்திருந்தால் அந்த இனிப்பு தானே வரும். ஒத்திகையைப் பதிவு செய்து இங்கே போடுங்கள், பியானோவின் இடது கையைத்தான் முதலில் கேட்பேன்.