முடிச்சூரில் வீட்டை விற்கிறேன். வெள்ளம் வந்ததை நானாகச் சொல்ல வேண்டுமா?

அடையாற்றங்கரை:
முடிச்சூரில் தனி வீடு. 2015 டிசம்பரில் கூடத்தில் நாலடி தண்ணீர் நின்றது. 2023 மிக்ஜாம் புயலில் முழங்கால் அளவு. அப்பாவைப் பார்த்துக்கொள்ள தம்பி வீட்டுப் பக்கம் போகிறோம், அதனால் விற்கிறேன். வாங்க வந்தவர் மதுரைக்காரர், துபாயில் வேலை. சென்னைப் பழக்கம் அதிகம் இல்லை. வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் துருவித் துருவிப் பார்த்தார், தண்ணீரைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. அடுத்த வாரம் அட்வான்ஸ். என்ன செய்யலாம்? பின்னால் கோர்ட் படி ஏறக் கூடாது, அவ்வளவுதான்.

தாம்பரம் தரகர்:
அண்ணே, கேட்டால் பொய் சொல்லாதீங்க. கேட்கவில்லை என்றால் நீங்களாக ஆரம்பிக்காதீங்க. முடிச்சூர், வரதராஜபுரம் என்று கூகுளில் தட்டினாலே தெருவில் படகு போகும் படம் வருகிறது. ஊருக்கே தெரிந்ததை நீங்க என்ன மறைக்கிறீங்க? விசாரிப்பது வாங்குகிறவர் பொறுப்பு. வாயைத் திறந்தால் விலை இறங்கும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லாமல் முழு விலைக்கு விற்றுவிட்டுப் போவார். வீட்டுக்கு ஒரு கோட்டிங் பெயிண்ட் அடித்துப் பளிச்சென்று காட்டுங்க.

கிரயப்பத்திரம்:
தரகர் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. சொத்து மாற்றுச் சட்டம், 1882, பிரிவு 55, விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையைத்தான் சொல்லச் சொல்கிறது. முடிச்சூரில் வெள்ளம் வந்தது என்பதைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் உங்கள் வீட்டுக் கூடத்தில் நாலடி நின்றது, 2023இல் மறுபடியும் வந்தது என்பது எந்தச் சான்றில் இருக்கிறது? வில்லங்கச் சான்றில் கிரயம், அடமானம் மாதிரிப் பதிவுகள்தான் தெரியும், தண்ணீர் தெரியாது. அப்படிப்பட்ட குறையைச் சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று அதே பிரிவின் கடைசியில் எழுதியிருக்கிறது.

பெயிண்ட் விஷயம் இன்னும் மோசம். வீட்டுக்கு வெள்ளையடிப்பது குற்றம் இல்லை. தண்ணீர்க் கறையை மறைக்கவென்றே அடித்தால், அது சும்மா இருந்த கணக்கில் சேராது. ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 17இல் தெரிந்தே மறைப்பதும் மோசடிதான்.

தாம்பரம் தரகர்:
சட்டம் தெரிந்தவர் ஒன்றை விட்டுவிட்டீங்களே சார். பிரிவு 55 ஆரம்பிப்பதே வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில்தானே? 'உள்ளது உள்ளபடி, பார்த்துத் திருப்தியடைந்து வாங்குகிறேன்' என்று அக்ரிமென்டில் ஒரு வரி போட்டால் முடிந்தது. நாங்கள் எல்லாப் பத்திரத்திலும் போடுகிறோம்.

கிரயப்பத்திரம்:
அந்த வரி நல்ல வரிதான், சரியாக நடந்துகொண்டவருக்கு. தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்துவிட்டால் அதைக் காட்டித் தப்பிக்க முடியாது. எவ்வளவு நாள் பயந்துகொண்டிருப்பது என்றும் பாருங்கள். மோசடி வழக்கில் மூன்று ஆண்டுக் கெடு பத்திரம் பதிந்த நாளில் தொடங்குவதில்லை, ஏமாந்தவருக்கு விஷயம் தெரிந்த, அல்லது கவனமாக இருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளில்தான் தொடங்குகிறது. அடுத்த பெருமழை 6 வருஷம் கழித்து வந்தாலும் நோட்டீஸ் வரலாம்.

வேளச்சேரி அக்கா:
நான் வாங்கி ஏமாந்தவள், அதனால் எழுதுகிறேன். 2021இல் தரைத்தள ஃபிளாட் வாங்கினேன். புது பெயிண்ட் வாசனையோடு இருந்தது. மூன்றாவது மாதம் பீரோவை நகர்த்தினால் பின்னால் சுவர் உப்புப் பூத்து, விரல் வைத்தால் மாவாக உதிர்ந்தது. இடுப்பு உயரத்தில் ஒரே நேர்க்கோடாகப் பழுப்புக் கறை. அப்போதுதான் உறைத்தது, பிளக் பாயின்ட் எல்லாம் ஏன் நெஞ்சு உயரத்தில் இருந்தது என்று. கேட்டபோது "குழந்தைகள் கை வைக்காமல் இருக்க" என்றார்கள். 2023 டிசம்பரில் ஃபிரிட்ஜ் மிதந்தது. முன்பே சொல்லியிருந்தால் விலையைக் குறைத்து நானே வாங்கியிருப்பேன், பள்ளிக்கூடம் பக்கம் என்பதால். தண்ணீர் வந்தது கூட ஆறிவிட்டது தம்பி, அந்தக் குழந்தைகள் கதைதான் இன்னும் ஆறவில்லை. வழக்கு நடக்கிறது.

தாம்பரம் தரகர்:
அக்கா, உங்களுக்கு நடந்தது தப்பு. கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லக் கூடாது என்று நானும் முதலிலேயே சொன்னேன். ஆனால் எல்லோரும் சொல்லும்போது சொல்லலாம். ஒருத்தர் மட்டும் சொன்னால் அவர் தலையில்தான் விழும். பெண் கல்யாணத்துக்கு வைத்திருக்கிற ஒரே சொத்தை விற்க வருகிறவர்களை தினமும் பார்க்கிறேன். அவர்களிடம் இதை எப்படிச் சொல்வது?

கிரயப்பத்திரம்:
குறைகிற விலை கண்ணுக்குத் தெரிகிறது அண்ணே. பத்து வருஷம் கோர்ட்டுக்கு நடந்தால் ஆகும் செலவு கணக்கில் வருவதில்லை.

அடையாற்றங்கரை, வாய்ப் பேச்சாகச் சொல்லி விடாதீர்கள். அட்வான்ஸ் வாங்கும் முன் வாட்ஸப்பில் படத்தோடு அனுப்புங்கள். எந்த வருஷம், எந்த அறையில், எத்தனை அடி என்பதை அக்ரிமென்டிலேயே ஒரு பத்தியாக எழுதி, அந்தப் பக்கத்தில் அவர் கையெழுத்தும் வாங்குங்கள். வெள்ளத்துக்கு இன்சூரன்ஸ் பணம் வாங்கியிருந்தால் அதையும் சேருங்கள். மறைத்தால் அந்த கிளெய்ம் பேப்பரே உங்களுக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சியாகும். இன்னொன்று, "வடிகால் போட்டாச்சு, இனிமேல் வராது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வடிகால் போட்டது உண்மையென்றால் அதைச் சொல்லுங்கள். மழைக்கு நீங்கள் ஜாமீன் நிற்க முடியாது.

அடையாற்றங்கரை:
நேற்று சொல்லிவிட்டேன். 2015இல் வாசல் தூணில் அப்பா ஆணியால் கீறி வைத்த கோட்டின் பக்கத்தில் டேப்பைப் பிடித்துப் படம் எடுத்து அனுப்பினேன். 4 அடி 2 அங்குலம். அரை நாள் பதில் இல்லை, போய்விட்டார் என்றே நினைத்தேன். ராத்திரி கூப்பிட்டு மாடியில் சமையலறை கட்ட இடம் இருக்கிறதா, மோட்டாரை மேலே ஏற்ற முடியுமா என்று கேட்டார். பேசிய விலையில் 4 லட்சம் குறைத்திருக்கிறேன். வலிக்கத்தான் செய்கிறது. பத்தியை வக்கீல் எழுதிக்கொண்டிருக்கிறார்.

தாம்பரம் தரகர்:
4 லட்சத்தோடு நின்றது உங்கள் அதிர்ஷ்டம் அண்ணே. எல்லா மதுரைக்காரரும் இப்படி இருக்க மாட்டார்கள், என் கருத்தில் மாற்றம் இல்லை. ஆனால் அந்தத் தூண் படத்தை எனக்கும் அனுப்புங்க. அதே தெருவில் இன்னொரு வீடு என் கையில் இருக்கிறது.